செடிக்கென்று பிடித்த தண்ணீர்

பழைய ரைஸ்மில் தெருவில் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதாக யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அப்படி ஒரு விதி இருப்பதாகவும் எவரும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு மேற்கே, தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகளின் இரைச்சல் எட்டுகிற தொலைவில் இருந்த அந்தத் தெருவின் அத்தனை குடும்பங்களும் அதற்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தன. காலையில் பேரூராட்சிக் குழாயில் தண்ணீர் வரும்போது பெண்கள் அவரவர் வாசலில் குழாய்க்கென்று வெட்டியிருந்த சிறு பள்ளத்துக்குள் குனிந்து குடங்களை நிரப்புவார்கள். நிரப்பும்போதே, யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்லிவிடுவார்கள்.

"பாத்திரம் ஒரு மூட்டை கீது, அத்த கழுவத்தான்."

"செடிக்கு ஊத்தணும்க்கா, வாடிக்கினு கீது."

தெருவில் செடி என்று சொல்லத்தக்கதாக இருந்தது சந்திரகலா வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று ஒன்றுதான். செடிகளின் பெயரால் அங்கே நாள்தோறும் பிடிக்கப்பட்ட தண்ணீருக்கு அந்தத் தெரு ஒரு தோப்பாகவே மாறியிருக்க வேண்டும். செடிக்குப் போகிற தண்ணீரை எதற்காகக் குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டுகிறாய் என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டதில்லை. கேட்கக்கூடியவளின் குடத்திலும் துணி கட்டியிருந்தது.

விதிக்கு ஒரு காட்சிப் பக்கமும் உண்டு. காயலான் கடை வண்டி வரும் நாளில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காலித் தண்ணீர் பாட்டில்கள் சிலவற்றை வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருந்த சூப்பர் மார்க்கெட் தன் சொந்தப் பெயரை ஒட்டி மலிவு விலைக்கு விற்ற பாட்டில்கள் அவை. வீட்டுக்கு விருந்தினர் வரும்போது மட்டும் வாங்கியவை. பிறகு பல மாதங்கள் குழாய்த் தண்ணீரைச் சுமந்து, வெயிலிலும் அலமாரியிலும் கிடந்து, மேலே ஒட்டியிருந்த தாள் தேய்ந்து போனவை.

வண்டிக்காரர் வரதன் ஒரு முறை ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னாம்மா இது, உங்க தெரு பாட்டிலுக்கு மட்டும் இவ்ளோ வயசாயி கீது? வேற எடத்துல எல்லாம் நேத்து வாங்கின மாதிரி வருது."

பெண்கள் அடுத்த பாட்டிலை அவர் கையில் எடுத்துக் கொடுத்தார்கள். அவரும் தராசைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த விதி பிறந்த நாள் தெருவுக்கு நன்றாகத் தெரியும். அன்று சந்திரகலாவின் மகள் நந்தினியைப் பெண் பார்க்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தொழிற்சாலைகளுக்குப் பக்கத்து ஊர், தண்ணீர் எப்படி இருக்குமோ என்ற தயக்கத்தோடுதான் அவர்கள் வந்தார்கள். பஜ்ஜித் தட்டு அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட நேரத்தில், பேரூராட்சிப் பணியாளர் ஒருவர் வாசல் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குழலில் தண்ணீரைப் பிடித்தார். சிறு சீசாவிலிருந்து சில துளிகளை அதில் விட்டு, குலுக்கி, வெயிலுக்கு நேராக உயர்த்தினார். தண்ணீர் மஞ்சளாக மாறியது.

அது மாறத்தான் வேண்டும். தொட்டியில் கலக்கும் குளோரின் மருந்து கடைசி வீடு வரைக்கும் வந்து சேர்கிறதா என்று அறிவதற்கான சோதனை அது. மஞ்சள் தெரிந்தால் தண்ணீர் பத்திரமானது என்று பொருள். பணியாளர் அதைச் சத்தமாகவே சொன்னார். ஆனால் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை; நிறத்தை மட்டும் பார்த்தார்கள். பஜ்ஜி ஆறிப்போனது. சில நாள் கழித்துத் தரகர் வழியாகச் செய்தி வந்தது: மஞ்சள் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண், நாளைக்குப் பிள்ளை குட்டி என்று வரும்போது என்ன ஆகுமோ, எங்களுக்கு எதற்கு வம்பு.

அடுத்து வந்த செவ்வாப்பேட்டை மாப்பிள்ளை வீட்டாரிடம் சந்திரகலா முந்திக்கொண்டாள். "நாங்க எப்பவும் பாட்டில் தண்ணிதாங்க" என்றாள். நந்தினியின் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அந்த வாக்கியம் தெருவின் பொதுச் சொத்தாகிவிட்டது. பெண் பிள்ளை உள்ள வீடுகள் தங்களுக்காக அதைச் சொல்லின. இல்லாத வீடுகள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகச் சொல்லின.

மெஹர்னிசாவின் வீடு சந்திரகலாவின் வீட்டுக்கு அடுத்தது. கணவர் ஹயாத் பாஷா கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருந்தார். ஒரே மகள் சிஃபா பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு. அவளுக்கு வந்த வரன்கள் ஏதோ ஒரு காரணத்தால் ஒவ்வொன்றாக நழுவின; நழுவிய ஒவ்வொரு முறையும் மெஹர்னிசா தன்னிடத்தில்தான் பிழையைத் தேடினாள். தேநீரில் சர்க்கரை குறைந்ததோ, தான் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று வாரக்கணக்கில் மறுகுவாள்.

இம்முறை வந்திருந்தது பழவேற்காட்டு இடம். ஹயாத் பாஷாவின் சித்தப்பா மகன் அஸ்கர் அலி கருவாட்டு வியாபாரத்துக்காக அங்கே போய் வருகிறவர். அவர் கொண்டுவந்த வரன். மாப்பிள்ளை அஃப்தாபுக்குத் தகப்பன் இல்லை. தாய் ஜுலைகா பீவியோடு பழவேற்காட்டில் வசித்துக்கொண்டு, பொன்னேரியில் செல்போன் பழுது பார்க்கும் கடை நடத்தினான். பெண் பார்க்க வந்த அன்று அவன் சிஃபாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கல்யாணத்துக்கு அப்பறமும் ஸ்கூலுக்குப் போவீங்க இல்ல? பொன்னேரில கூட நெறைய ஸ்கூல் கீது." அன்று இரவு அம்மா கேட்பதற்கு முன்பே சிஃபா தன் சம்மதத்தைச் சொல்லிவிட்டாள். இதற்கு முன் எந்த வரனுக்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அதனாலேயே மெஹர்னிசாவின் பயம் இருமடங்கானது.

ஏனென்றால் அந்த முதல் சந்திப்பிலேயே ஜுலைகா பீவி அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்.

"இங்க தண்ணி எல்லாம் எப்படிம்மா?"

மெஹர்னிசா தயாராக இருந்தாள். அளவுக்கு மீறித் தயாராக இருந்தாள். "கொழாத் தண்ணிய நாங்க கையால கூடத் தொடறது இல்லீங்க. சிஃபா பொறந்ததுலேருந்து பாட்டில் தண்ணிதான். வேற தண்ணி இவ நாக்குக்கே ஒத்துக்காது."

சிஃபா பிறந்த ஆண்டில் கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் தண்ணீரை பாட்டிலில் அடைத்து விற்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். ஜுலைகா பீவி சிரிக்கவில்லை. "அப்படியா" என்றார். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவுமில்லை.

நாட்கள் கடந்தன. பதில் வரவில்லை. ஹயாத் பாஷா தொலைபேசியில் விசாரித்தபோது அஸ்கர் அலி இழுத்தார். "பையனுக்குப் புடிச்சிருக்கு அண்ணே. அந்தம்மாதான் யோசிச்சிக்கினு கீறாங்க. தண்ணி கிண்ணின்னு இன்னாமோ சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பேசறேன்னு சொல்றாங்க. நான் கூட்டிக்கினு வரேன்."

தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் மெஹர்னிசா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சிபோச்சு. யாரோ சொல்லிட்டாங்க. நந்தினிக்கு நடந்ததுதான் நம்ம பொண்ணுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹயாத் பாஷா சூப்பர் மார்க்கெட்டிலிருந்து மூன்று பாட்டில்களோடு வந்தார். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசமாம். கடை வாசலில், வெயில் படுகிற இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்களாம்; பாட்டில்கள் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தன.

"இன்னாங்க இது? இருக்கறதுலயே மட்டமானத வாங்கிக்கினு வந்து கீறீங்க?"

"சீல் கீதா இல்லையா, அத்த பாரு. அவங்க சீலத்தான் பாக்கப் போறாங்க. தண்ணியவா பாக்கப் போறாங்க?"

சிஃபா ஒரு பாட்டிலை அடுக்களைக்கு எடுத்துப்போய்த் திறந்து, இரண்டு எவர்சில்வர் டம்ளர்களோடு திரும்பி வந்து அவற்றை மேசைமேல் வைத்தாள். இரண்டும் நிறைந்திருந்தன. "அத்தா, ஒண்ணுல பாட்டில் தண்ணி. ஒண்ணுல நம்ம கொடத்துத் தண்ணி. எது எதுன்னு சொல்லுங்க."

"இந்த வெளையாட்டுக்கு இதாடி நேரம்?" என்றாள் மெஹர்னிசா.

ஹயாத் பாஷாவுக்கு இந்த மாதிரிச் சோதனைகளில் எப்போதும் ஆர்வம் உண்டு. ஒன்றைக் குடித்து நாக்கைச் சப்புக்கொட்டினார். இன்னொன்றைக் குடித்து முகத்தைச் சுளித்தார். முதல் டம்ளரை மகளின் பக்கம் நகர்த்தி, "இதான் பாட்டிலு. சில்லுனு, சுத்தமா, ஒரு வாசனையும் இல்ல. அந்த இன்னொண்ணு பழைய பக்கெட்ட கழுவின மாதிரி இருக்கு" என்றார்.

"நீங்க பாட்டில்னு சொன்னது கொழாத் தண்ணி அத்தா."

"ஏய், போ."

"சத்தியமா. காலைல காய்ச்சி ஆற வச்சது."

மெஹர்னிசா அந்த இரண்டாவது டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிளாஸ்டிக் நாற்றம் அவளுக்கும் தெரிந்தது. ஆனால் அவள் தோற்றுப்போகிறவள் அல்ல. "வாசனை வர்றதுனாலதான் அது நல்ல தண்ணி" என்றாள் தீர்மானமாக. "மெஷின்ல போட்டு இன்னா இன்னாமோ பண்றாங்க. சும்மாவா காசு வாங்கறாங்க? அந்த வாசனை இல்லன்னா அது பாட்டில் தண்ணின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ நல்லா இல்லாத தண்ணிய காசு குடுத்து வாங்கி, நல்லா இருக்கற தண்ணிய ஒளிச்சி வைக்கறோம். அதானேம்மா?"

"கல்யாணம் ஆவட்டும். அப்பறம் உன் இஷ்டத்துக்கு எந்தத் தண்ணிய வேணா குடி."

சிஃபா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. இந்தச் சந்திப்பு எதற்காக என்று அவளுக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்வதற்கு நேரில் வருகிற அளவுக்கு அந்த அம்மாள் மரியாதை தெரிந்தவராக இருந்தால், அப்படிப்பட்ட மாமியார் வாய்க்காமல் போவதே தன் துரதிருஷ்டம் என்று அவள் நினைத்தாள்.

பிற்பகலில் அவர்கள் வந்தார்கள். ஜுலைகா பீவி வெளிர் நீலத் துப்பட்டியில், பஸ்ஸில் வந்த களைப்போடு இருந்தார். அஃப்தாப் வரவில்லை. அவன் வராததை வீட்டில் ஒவ்வொருவரும் கவனித்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. அஸ்கர் அலி மட்டும் தேவைக்கு அதிகமாகப் பேசினார்: பஸ்ஸில் இருந்த கூட்டத்தைப் பற்றி, ரோட்டில் தோண்டிய பள்ளத்தைப் பற்றி.

மெஹர்னிசா பாட்டிலை அவர்கள் கண்ணெதிரே திறந்தாள். மூடி முறியும் சத்தம் கூடத்தில் தெளிவாகக் கேட்டது. கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். ஜுலைகா பீவி ஒரு வாய் குடித்தார். வாயில் இருந்ததை விழுங்குவதற்குச் சற்றுத் தாமதித்தார். பிறகு டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அதை மறுபடியும் எடுக்கவே இல்லை.

மெஹர்னிசா அந்த டம்ளரைப் பார்த்தாள். முறிந்த மூடியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். சீல் இருந்தது, வாசனையும் இருந்தது, பின்னே எதனால் கண்டுபிடித்தார்?

சமோசா வந்தது, தேநீர் வந்தது. பேச்சு மழையைப் பற்றியும் இறால் விலையைப் பற்றியும் சுற்றிக்கொண்டிருந்ததே தவிர, வந்த விஷயத்துக்கு அருகில் போகவில்லை. அதற்குள் அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. ஆண்கள் இருவரும் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். ஜுலைகா பீவி எழுந்து, "நானும் தொழுதுடறேன். ஒளு செய்ய எடம் எங்கம்மா?" என்று கேட்டார்.

வீட்டின் பின்பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய ஓர் அண்டா இருந்தது. காலையில் குழாயில் பிடித்து நிரப்பியது. மெஹர்னிசா ஒரு செம்பை எடுத்துக் கொடுத்துவிட்டுத் துண்டோடு நின்றாள். ஜுலைகா பீவி மணிக்கட்டு வரை கைகளைக் கழுவினார். பிறகு, ஒளுவின் முறைப்படி, வாய் கொப்பளிக்க ஒரு கை தண்ணீரை வாயில் விட்டார்.

கொப்பளிக்கவில்லை. வாயில் தண்ணீரோடு அப்படியே நின்றார். கண்கள் அண்டாவின் பக்கம் திரும்பின. பிறகு துப்பினார், இரண்டாவது கையை வாயில் விட்டு மறுபடியும் அதே போல் நிதானித்தார். மூன்றாவது முறையும் அவர் அப்படியே நின்றபோதுதான் மெஹர்னிசாவுக்கு உறைத்தது. எல்லா ஏற்பாடுகளையும் செய்த தான், தொழுகைக்கு முன்னால் வாய் கொப்பளிப்பார்கள் என்பதை நினைக்காமல் போனோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். தினமும் ஐந்து வேளை தானும் செய்கிற காரியம். அந்தத் தெருவின் விதி வாசலுக்கும் கூடத்துக்கும் மட்டுமே வகுக்கப்பட்டிருந்தது. கொல்லைப்புறத்தை அது எண்ணிப் பார்க்கவில்லை.

ஜுலைகா பீவி ஒளுவை முடித்து, தொழுது, துஆ கேட்டுவிட்டு எழுந்தார். எழுந்ததும் முதல் கேள்வியாகக் கேட்டார்: "தங்கச்சி, அந்த அண்டாவுல இருக்கறது எந்தத் தண்ணி?"

"அது..." மெஹர்னிசாவின் வாயில் பழகிய சொல் தானாக வந்தது. "அது செடிக்குன்னு புடிச்சி வச்சது அக்கா."

"செடிக்கா?" ஜுலைகா பீவி பின்வாசலில் நின்று சுற்றிப் பார்த்தார். அங்கே துணி துவைக்கும் கல்லும் ஒரு பழைய சைக்கிளும் இருந்தன. "எந்தச் செடிக்கு?"

மெஹர்னிசா துண்டை மடிக்கத் தொடங்கினாள்.

"யம்மா, இந்தத் தண்ணியையா நீங்க செடிக்கு ஊத்தறீங்க? எனக்கு ஒரு டம்ளர் குடு, குடிக்க."

அடுக்களை வாசலில் நின்றிருந்த சிஃபாதான் டம்ளரைக் கொண்டுவந்தாள். அண்டாவிலிருந்து மொள்ளவில்லை, வெள்ளைத் துணி கட்டிய குடத்திலிருந்து ஊற்றினாள். ஜுலைகா பீவி உட்கார்ந்து, மூன்று மிடறாக நிறுத்தி நிறுத்திக் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, அதுவரை அடக்கி வைத்திருந்தது போலப் பேசத் தொடங்கினார்.

"நான் ஒளிக்காம சொல்லிடறேன் தங்கச்சி. இன்னிக்கி இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

மெஹர்னிசா சிஃபாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"புள்ளையில கொறை இல்ல. தங்கமான புள்ள. ஆனா எங்க ஊர்ல ஏரித் தண்ணி உப்பு, கெணத்துத் தண்ணியும் உப்பு. நல்ல தண்ணி லாரில வந்தாதான். வராத நாளுல டீ போட்டா கரிக்கும். நாங்க பழகிட்டோம். நீ அன்னிக்கி இன்னா சொன்ன? பொறந்ததுலேருந்து பாட்டில் தண்ணிதான், வேற தண்ணி நாக்குக்கே ஒத்துக்காதுன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்" என்றாள் மெஹர்னிசா.

"அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அப்படி வளந்த பொண்ண கூட்டிக்கினு போயி உப்புத் தண்ணிய குடின்னு சொல்ல முடியுமா? தெனம் பாட்டில் வாங்கற வசதி எங்களுக்கு இல்ல. எம் புள்ள வாங்கித் தரேன்னு சொல்வான், கடன் வாங்கியாவது வாங்குவான். அதுதான் எனக்குப் பயம். இப்பக் கூட, கூடத்துல நீ குடுத்தியே, அத்த வாயில வச்சதும் எனக்குக் கொமட்டிச்சு. ஆனா நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? இதான் பெரிய எடத்துத் தண்ணி, நமக்குத்தான் பழக்கம் இல்ல, அந்தப் பொண்ணு இந்த ருசியிலயே வளந்துடிச்சின்னு நெனச்சேன்."

மெஹர்னிசா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் எதை மறைத்தால் மகளின் வாழ்வு நிலைக்கும் என்று நம்பினாளோ, அதை மறைத்ததால்தான் அது கை நழுவப் பார்த்தது. காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்யை அந்த அம்மாள் அப்படியே நம்பியிருக்கிறார். நம்பியதால் விலக வந்திருக்கிறார். அவள் பொய் கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் இந்த வாரங்களின் வேதனையே இருந்திருக்காது.

"அக்கா," என்றாள். தெரு முழுவதும் தன் முதுகுக்குப் பின்னால் நிற்பது போலிருந்தது. "நான் சொன்னது பொய். நாங்க குடிக்கறது இந்தத் தண்ணிதான். சிஃபா குடிச்சி வளந்ததும் இந்தத் தண்ணிதான். கொழாத் தண்ணி. பாட்டில் தண்ணி யாராவது வந்தா மட்டும் வாங்குவோம். நாங்க அத்த குடிக்கவே மாட்டோம்."

ஜுலைகா பீவி சிஃபாவைப் பார்த்தார். "நெஜமாவா கண்ணு?"

"நெஜம்தாங்க. எங்க அம்மா பாட்டில் தண்ணியில அரிசி கூடக் களையமாட்டாங்க, நாறும்னு."

"அப்பறம் ஏம்மா அப்படிச் சொன்ன?"

மெஹர்னிசா நந்தினியைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடிக் குழலைப் பற்றி, மஞ்சள் நிறத்தைப் பற்றி, ஆறிப்போன பஜ்ஜியைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அது எவ்வளவு சிறிய விஷயம் என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. ஜுலைகா பீவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டியை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அல்லாவே! மருந்து சரியா கீதான்னு பாத்ததுக்கா கல்யாணம் நின்னுச்சு? எங்க ஊருக்கு அந்த ஆள அனுப்புங்க. மஞ்சளோ பச்சையோ, தண்ணின்னு ஒண்ணு கொழாயில வந்தா நாங்க அவருக்கு மாலை போடுவோம்."

பிறகு அவர் முகம் மீண்டும் கவலை கொண்டது. "ஆனா ஒண்ணு. இவ்ளோ ருசியான தண்ணி குடிச்ச புள்ள, எங்க ஊர்ல..."

சிஃபா குறுக்கிட்டாள். இப்படிப்பட்ட பேச்சில் பெண் குறுக்கிடக் கூடாது என்று அம்மா ஏற்கெனவே அவளை எச்சரித்திருந்தாள். "லாரி வர்ற அன்னிக்கி நானே கொடத்த எடுத்துக்கினு வரிசையில நிக்கறேன். வராத அன்னிக்கி உப்பு டீ குடிக்கறேன். பொன்னேரில ஸ்கூல் கெடச்சா வரும்போது அங்கேருந்து ஒரு கேன் புடிச்சிக்கினு வரேன். இதுக்குப் போயா இத்தினி நாளு பதில் சொல்லாம இருந்தீங்க?"

அவள் குரலில் கோபம்கூட இருந்தது. ஜுலைகா பீவி அந்தக் கோபத்தைக் கேட்டு முதலில் திகைத்தார். பிறகு மெஹர்னிசாவின் பக்கம் திரும்பி, "இவ எம் புள்ளைக்கு ஏத்தவதான்" என்றார்.

பள்ளிவாசலிலிருந்து திரும்பிய ஹயாத் பாஷாவும் அஸ்கர் அலியும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கூடத்தில் இரண்டு பெண்கள் அழுவதும் சிரிப்பதுமாக இருந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டபோது ஒருத்தியாலும் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. அஸ்கர் அலி கைபேசியை எடுத்து அஃப்தாபை அழைத்தார். அவன் பழவேற்காட்டில் இல்லையாம். அம்மா என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்து, கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறானாம்.

"அடப்பாவி, அங்கயே இருந்துக்கினா பேஜார் பண்ற? வா இங்க" என்றார் அஸ்கர் அலி.

அவன் வந்ததும் நாள் குறித்தார்கள். பக்ரீத் முடிந்த பிறகு நிக்காஹ் என்று முடிவானது. கிளம்பும்போது ஜுலைகா பீவி தயக்கத்தோடு, ஊருக்குக் கொண்டுபோக ஒரு பாட்டிலில் அந்தக் குடத்துத் தண்ணீரைத் தர முடியுமா என்று கேட்டார். கூடத்தில் திறந்த பாட்டிலில் மிஞ்சியிருந்ததை ஹயாத் பாஷா வாசலில் கொட்டினார். சிஃபா அதை இரண்டு முறை அலம்பிக் குடத்துத் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தாள். சீல் உடையாமல் மிஞ்சிய ஒரு பாட்டிலை ஹயாத் பாஷா எடுத்து ஓரமாக வைத்தார். "நாளைக்குக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வரேன். எடுத்துக்கலன்னா ஃபேன் ரிப்பேர் பண்ண வர்றவனுக்குக் குடு. அவன் எதக் குடுத்தாலும் குடிப்பான்."

அன்று இரவு மெஹர்னிசா தலையணையில் தலை வைத்ததும் தூங்கிப்போனாள். பல வாரங்களுக்குப் பிறகு வந்த தூக்கம் அது.

மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் காற்று சீறியது. பிறகு ஒரு விக்கல். பிறகு தெளிந்த தண்ணீர். தெருவில் குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்து போனது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முடிவு மட்டும் தெரியவில்லை. எதிர்வீட்டு ஞானம்மா பாத்திரங்களைப் பற்றி ஒரு முறை சொல்லிக்கொண்டார். மில் பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைப்பதாகச் சொன்னார்கள்.

பக்கத்துப் பள்ளத்தில் குனிந்திருந்த சந்திரகலா தாழ்ந்த குரலில் கேட்டாள். "இன்னாக்கா ஆச்சு?"

"முடிஞ்சிச்சு சந்திரா. பக்ரீத்துக்கு அப்பறம் கல்யாணம்."

"அப்பாடா! நேத்திலேருந்து உங்க வாசலையே பாத்துக்கினு இருந்தேன். பாட்டில் தண்ணின்னு சொன்னதெல்லாம் நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க. அதுதான் வெனையாப் போச்சு."

சந்திரகலாவுக்குப் புரியவில்லை. அதற்குள் இரண்டு மூன்று பேர் இவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததால், அவள் குரலை வழக்கமான உயரத்துக்கு ஏற்றி, தெரு கேட்கும்படியாக, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இன்னாக்கா, செடிக்காப் புடிக்கிறீங்க?"

மெஹர்னிசா குடத்தைக் குழாயிலிருந்து நகர்த்தினாள். உள்ளே போய் ஒரு டம்ளரை எடுத்துவந்து, பள்ளத்துக்குள் கையை நீட்டி, கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரில் அதை நிரப்பினாள். பிறகு நிமிர்ந்து, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். தெருவில் அத்தனை பேரும் பார்க்க, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"ஐயோ அக்கா," என்றாள் சந்திரகலா, பாதிக் குரலில்.

"குடிக்கத்தான் புடிக்கறேன் சந்திரா," என்றாள் மெஹர்னிசா. தெருக்கோடி வரை கேட்கிற குரலில் அவள் மேலும் சொன்னாள்: "நேத்தும் இதத்தான் குடிச்சேன். பொறந்ததுலேருந்து எம் பொண்ணும் இதத்தான் குடிச்சா."